ஈட்டிய விடுப்பும் எழுதிய நெஞ்சுவலியும்

மொபட்டை ஸ்டாண்டில் ஏற்றும்போது ‘டடக்’ என்று ஒரு சத்தம் வரும். இரும்பு இரும்பை இடிக்கிற சத்தம். அது காதில் விழுந்தால் இன்றும் என் கை தானாகப் போய்ச் சட்டைப்பையைப் பொத்திக்கொள்ளும். பையில் பணம் இருக்காது. பேனாதான் இருக்கும். நான் பொத்துவதும் அதைத்தான். கையெழுத்து வாங்க யாரோ வருகிறார்கள் என்று உடம்புக்குத் தெரிந்துவிடுகிறது.

தொண்ணூறுகளில் எங்கள் கல்லூரி வேப்பமரத்தடியில் வாரத்துக்கு இரண்டு ஏஜெண்டுகளின் மொபட்டாவது நிற்கும். எந்த ஆசிரியர் எந்த மாதம் ஓய்வு பெறுகிறார் என்பது முதல்வருக்கு மறந்திருக்கும்; மொபட்டில் வருகிறவருக்கு மறக்காது. தோல்பை, புதுவருஷக் காலண்டர், கால் கிலோ மிக்சர். “பென்ஷன் வரும் சார். ஆனா அது மட்டும் போதுமா?” என்று ஆரம்பிப்பார்கள். அந்த ‘ஆனா’வில்தான் அவர்கள் குடும்பம் ஓடியது.

புதிதாகச் சேர்ந்த ஆசிரியர்கள் நீங்கள், ஓய்வுக்கு எப்படித் தயாராவது என்று எழுதித் தரச் சொல்லிக் கேட்டீர்கள். இப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருக்கிறோம், முப்பது வருஷம் கழித்து வருவதற்கு இப்போது என்ன அவசரம் என்று உங்களில் சிலர் முணுமுணுப்பதும் காதில் விழுந்தது. எங்களுக்கு இருந்த பென்ஷன் உங்களுக்கு இல்லை என்று ஆகிவிட்டது. அவசரம் உங்களுக்குத்தான். ஆனால் எதில் எவ்வளவு போடுவது என்று நான் சொல்லப்போவதில்லை. அதற்குத் தகுதியும் இல்லை. கால் ஓரிடத்தில் நிற்காமல் ஐம்பது வயதிலேயே விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வெளியே வந்தவன் நான். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: சந்தேகப்படுவது. அதிலும் நான் ஒரு தப்புச் செய்தேன். அதைத்தான் சொல்ல வந்தேன்.

எங்கள் வீட்டில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் நான். மேலூர்ப் பக்கம் அடுத்தவர் வயலில் அறுப்பறுத்த குடும்பம். என் அப்பா படிக்கத் தெரியாமல் ஒரு கடன் தாளில் பெருவிரலை உருட்டினார். மூன்று கோடைக்கு எங்கள் ஆடுகள் வேறொருவர் பட்டியில் படுத்தன. அதிலிருந்து எனக்குத் தாள் என்றால் பாம்பு. முன்பக்கம் படித்து, பின்பக்கம் படித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் தொடுவேன்.

ஊரெல்லாம் ஒரு நிதி நிறுவனத்தில் கொண்டுபோய்க் கொட்டிய காலம் அது. நானும் போய்ப் பார்த்தேன். கம்பளத்தில் கால் புதைந்தது. அடுத்தவன் காசில் இம்புட்டு மெத்தென்று நடக்கிறார்களே என்று பயந்து, குடிக்கக் கொடுத்த ரோஸ்மில்க்கைக்கூடப் பாதியில் வைத்துவிட்டு வந்தேன். ஒரு தீபாவளிக்குப் பிறகு அந்தக் கதவு திறக்கவில்லை. பூட்டுக்கு முன்னால் நின்ற கூட்டத்தில், எனக்குப் பாடம் எடுத்த பேராசிரியர் ஒருவர் நின்றார். என்னைப் பார்த்ததும் செருப்பு வாரைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டார். நானும் பார்க்காதது போலப் போனேன்.

அதற்குப் பிறகு ஆசிரியர் அறையில் என் மதிப்பு ஏறிவிட்டது. யார் எந்தப் படிவம் கொண்டுவந்தாலும், “மொதல்ல புலவர்ட்ட காட்டு” என்பார்கள். நான் தமிழ்த்துறை. ஆசிரியர் சங்கத்தில் துணைச் செயலாளர். விடுப்பு விதி, வைப்புநிதி விதி எல்லாம் எனக்கு யாப்பு மாதிரி மனப்பாடம். கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஒரு படிவத்தை வாசிக்கும்போது எனக்குள் ஒரு சந்தோஷம் வரும். இப்போது நினைத்தால் அந்தச் சந்தோஷத்தின் மேல்தான் சந்தேகம் வருகிறது.

தாவரவியல் துறை தாமோதரன் சாருக்கு வருகிறேன். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். செல்லூரில் தறிச் சத்தத்துக்குள் பிறந்த சௌராஷ்டிரக் குடும்பம். வீட்டில் அவர்கள் மொழி, கல்லூரியில் தமிழ், கோபம் வந்தால் செடிகளின் லத்தீன் பெயர். திட்டுகிறாரா பாடம் நடத்துகிறாரா என்று மாணவர்களுக்குக் கடைசிவரை தெரியாது.

ஓய்வுக்குத் தயாராவதில் அவரைப் போல ஒருவரை நான் பார்த்ததில்லை. பத்து வருஷத்துக்கு முன்பே ஆரம்பித்துவிட்டார். வைப்புநிதிக்கு வாரிசாகக் கல்யாணத்துக்கு முன்னால் அம்மா பெயரைக் கொடுத்திருந்ததை நினைவு வைத்து, மனைவி சரளா பெயருக்கு மாற்றினார். (நீங்களும் இந்த வாரமே போய்ப் பாருங்கள். உங்களில் பாதிப் பேருக்கு அம்மா பெயர்தான் இருக்கும்.) பென்ஷன் தாள்களுக்குக் கணவனும் மனைவியும் சேர்ந்து எடுத்த படம் வேண்டும் என்று, மீசை கறுப்பாக இருக்கும்போதே ஸ்டூடியோவுக்குப் போய்வந்தார். வில்லாபுரத்தில் வீடு கட்டி முடித்தார். ஓய்வுக்குப் பிறகு நாளை எப்படிக் கழிப்பது என்று கல்லூரிக் கால அட்டவணை போலவே ஒன்று போட்டு வைத்திருந்தார். முதல் பீரியட் நடை. இரண்டாவது மாடித்தோட்டம். மூன்றாவது பீரியட் காலி. “அதென்ன சார் காலி?” என்றேன். “சரளாகூடப் பேசறதுக்கு. அவ ஒத்துக்கிட்டா எழுதிக்கலாம்” என்றார்.

அவருக்குப் பெருமையான விஷயம் வேறு. “புலவரே, ஈட்டிய விடுப்புல ஒருநாள்கூட நான் தொட்டதில்ல.”

இது உங்களுக்குப் புரிய வேண்டும். ஈட்டிய விடுப்பை எடுக்காமல் சேர்த்து வைத்தால், ஓய்வு பெறும் அன்று அத்தனை நாளுக்கும் சம்பளமாகக் கொடுப்பார்கள். அதனால் எல்லோரும் அதைக் கண்ணில் வைத்துக் காப்போம். பிறகு வீட்டில் ஒரு காரியம் என்றால்? இருக்கவே இருக்கிறது மருத்துவ விடுப்பு. அதில் கரைவதற்குக் காசு கிடையாது. வேண்டியதெல்லாம் ஒரு டாக்டர் சான்று. மகள் கல்யாணத்துக்கு மஞ்சள் காமாலை. வீடு மாற முதுகுவலி. மகனைக் கோயம்புத்தூரில் கொண்டுபோய்ச் சேர்க்க விஷக்காய்ச்சல். எங்கள் கல்லூரிப் பதிவேடுகளை யாராவது படித்தால், மதுரையில் முப்பது வருஷம் கொள்ளைநோய் பரவியிருந்ததாக எழுதிவிடுவார்கள். நோய் என்று ஒரு தாள், குணமாகிவிட்டது என்று இன்னொரு தாள். இரண்டையும் டாக்டர் ஒரே மூச்சில் எழுதிக் கையில் கொடுப்பார். நாங்கள் அதைப் பொய் என்றே நினைக்கவில்லை. வழக்கம் என்று நினைத்தோம்.

வில்லாபுரம் வீட்டுக்குக் கூரை போடும் சமயம் தாமோதரன் சார் என்னிடம் வந்தார்.

“புலவரே, ஆறு வாரம் வேணும். கொத்தனார் நான் நின்னாத்தான் கலவையில சிமென்ட்டைப் போடறான். டாக்டர் மஞ்சள் காமாலைன்னு எழுதறேங்கறாரு.”

“காமாலைக்கு மூணு வாரத்துக்கு மேல குடுக்க மாட்டாங்க சார். மேல கேட்டா ஆபீஸ்ல சந்தேகம் வரும்.”

“அப்ப என்னதான் எழுதறது?”

“நெஞ்சுவலின்னு எழுதச் சொல்லுங்க. லேசான மாரடைப்பு, முழு ஓய்வு தேவை. நெஞ்சுன்னு வந்துட்டா யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க.”

விண்ணப்பத்தை நானே எழுதிக் கொடுத்தேன். சும்மா சொல்லக்கூடாது, நன்றாக எழுதினேன். படித்தால் எழுதியவனுக்கே மார்பு அடைக்கும். விடுப்பு கிடைத்தது. கூரை ஏறியது. அவர் திரும்பி வந்தபோது, ஆறு வாரம் வெயிலில் நின்று இளைத்துக் கறுத்திருந்தார். ஆசிரியர் அறையே உச்சுக்கொட்டியது. ஒரு மாதம் அவரை யாரும் மாடிப்படி ஏற விடவில்லை.

இரண்டு வருஷம் கழித்து, மருத்துவக் காப்பீடு எடுக்க ஒரு படிவம் கொண்டுவந்தார். ‘இதற்கு முன் இதயநோய் உண்டா?’ என்று ஒரு கேள்வி. அவர் ‘இல்லை’ என்று எழுதியிருந்தார். உண்மைதானே? படிவத்தை முன்னும் பின்னும் படித்தேன். பொடி எழுத்துக்கெல்லாம் அர்த்தம் சொன்னேன். தாராளமாகப் போடுங்கள் என்றேன். இரண்டு தாளும் என் கையைத் தொட்டுத்தான் போயின. வெளியிலிருந்து வந்த தாளையெல்லாம் சந்தேகப்பட்ட எனக்கு, நானே எழுதிய தாள் ஞாபகத்துக்கு வரவில்லை.

அவர் ஓய்வு பெற வேண்டிய வருஷம், பொங்கல் கழிந்த வாரம், வகுப்பில் கரும்பலகையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இந்த முறை உண்மையான வலி. மூன்று இடத்தில் அடைப்பு, ஒரு மாதத்துக்குள் நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார்கள். மே மாதம் ஓய்வு. “பயப்படாதீங்க, காப்பீடு இருக்கு” என்று அவர்தான் எங்களுக்கு ஆறுதல் சொன்னார். செலவைத் தருவார்களா என்று காப்பீட்டு அலுவலகத்துக்கு முன்கூட்டியே கேட்டு எழுதினார்.

அடுத்த வாரம் ஆசிரியர் அறைக்கு வெள்ளைச் சட்டையில் ஒருவர் வந்தார். வாழைப்பழம் வாங்கிவந்திருந்தார்.

“தாமோதரன் சாரோட பழைய ஸ்டூடண்ட் சார் நான். ஒடம்பு சரியில்லன்னு கேள்விப்பட்டேன்.”

“எந்த செட்டு?” என்றேன்.

“எண்பத்தஞ்சு சார். பாட்டனி.”

“ஓ. அப்ப கொடைக்கானல் டூர் போன செட்டு.”

“ஆமா சார்! மறக்க முடியுமா?”

தாமோதரன் சார் யாரையும் கொடைக்கானலுக்குக் கூட்டிப்போனதில்லை. மலைவளைவில் அவருக்குத் தலைசுற்றும். செடி பார்க்க அழகர்மலைதான். காப்பீட்டு அலுவலகம் விசாரிக்க அனுப்பிய ஆள் என்று தெரிந்துவிட்டது. ஆனால் நான் வருவதற்கு முன்பே, அவருடைய துறையில் இருந்த அம்மா ஒருவர், பாசத்தில், எல்லாவற்றையும் சொல்லி முடித்திருந்தார். “பாவம் சார், அவருக்கு இது ரெண்டாவது தடவ. வீடு கட்டறப்பவே ஒண்ணு வந்துச்சு. ஆறு வாரம் லீவுல இருந்தாரு.”

வெள்ளைச் சட்டைக்காரர் கல்லூரி அலுவலகம் போய் விடுப்புப் பதிவைக் கேட்டு வாங்கினார். பத்து நாளில் கடிதம் வந்தது. பாலிசி எடுக்கும் முன்பே இருந்த நோயை மறைத்திருக்கிறீர்கள், செலவைத் தர இயலாது. அவர் உண்மையை எழுதிய தாள் பொய்யாகிவிட்டது. பொய்யை எழுதிய தாளில் டாக்டர் முத்திரை இருந்தது.

இப்போது நீங்கள் அந்த இடத்தில் நின்று பாருங்கள். அந்தச் சான்று பொய், எனக்கு அப்போது ஒன்றுமில்லை என்று அவர் சொன்னால் காப்பீடு கிடைக்கலாம். ஆனால் பொய்ச் சான்று கொடுத்து விடுப்பு எடுத்ததாக அவரே ஒப்புக்கொண்டது போல ஆகிவிடும். குற்றச்சாட்டுக் குறிப்பாணை வரும். விசாரணை முடியாமல் ஓய்வில் போகவிட மாட்டார்கள், பென்ஷன் தொங்கும். சொல்லாமல் இருந்தால் பென்ஷன் வரும். ஆபரேஷனுக்குப் பணம் வராது. நெஞ்சுக்கு ஒரு மாதம் கெடு, ஓய்வுக்கு நான்கு மாதம்.

அலுவலகக் கண்காணிப்பாளர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். “அண்ணே, அந்த வருஷத்துப் பக்கத்தைக் கரையான் தின்னுருச்சுன்னு வச்சுக்கங்களேன்.” எதற்காகச் சொன்னாரோ, என்ன எதிர்பார்த்தாரோ. ஒரு பக்கம் காணாமல் போன பணிப்பதிவேட்டைப் பென்ஷன் அலுவலகம் திருப்பி அனுப்பும் என்று மட்டும் எனக்குத் தெரியும். கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினேன். காப்பீட்டு அலுவலகத்துக்கு. அந்த மாரடைப்பு என் யோசனை, விண்ணப்பம் என் கை, அவர் நிரபராதி. கண்ணீர் வர எழுதினேன். எடுத்துக்கொண்டு வில்லாபுரம் போனேன்.

சார் மாடியில் செடிகளுக்கு நடுவில் சாய்வு நாற்காலியில் இருந்தார். பக்கத்தில் சரளாம்மா. கடிதத்தைப் படித்தார். மனைவியிடம் கொடுத்தார். இரண்டு பேரும் அவர்கள் மொழியில் பேச ஆரம்பித்தார்கள். வேகமாக, தாழ்ந்த குரலில். இருபது வருஷப் பழக்கத்திலும் அந்த மொழியில் எனக்கு ஒரு வார்த்தைகூடப் பிடிபடவில்லை. நடுவில் என் பெயர் மட்டும் இரண்டு முறை வந்தது. என்னைத்தான் சொல்கிறார்கள், எல்லாம் இவனால்தான் என்கிறார்கள்.

“என்னம்மா சொல்றாரு?” என்றேன்.

“ஒண்ணுமில்லண்ணே. ஒங்களுக்குக் காப்பில சர்க்கரை கம்மியாப் போடச் சொல்றாரு.”

அதையும் நான் நம்பவில்லை. காப்பி வந்தது. சர்க்கரை கம்மியாகத்தான் இருந்தது.

சார் கடிதத்தை நான்காக மடித்தார். “நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. மொத தடவ எழுதினதைவிட இது நல்லாருக்கு.”

“சார், மனசு தாங்கல.”

“தெரியுது. ஆனா ஒங்க மனசு லேசாகறதுக்கு எம் பென்ஷனைக் கேக்காதீங்க, புலவரே.” மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார். “ஆபரேஷன்ல எனக்கு ஒண்ணு ஆயிட்டா, இவளுக்கு வரப்போறது அந்தக் குடும்பப் பென்ஷன் ஒண்ணுதான். நீங்க இந்தக் காயிதத்தைப் போட்டுட்டு நிம்மதியாத் தூங்கிருவீங்க. இவ ஆபீஸ் ஆபீஸா அலையணும்.”

இருபது வருஷம் படித்த விதிகளில் இது இல்லை. உண்மையைச் சொல்வது என் உரிமை என்று நினைத்துப் போயிருந்தேன். அந்த உண்மைக்கு விலை கொடுக்கப் போவது வேறொருவர் என்று ஏன் தோன்றவில்லை? நல்லவனாகிவிட வேண்டும் என்று ஒரு அவசரம் வரும் பாருங்கள், அது வரும்போது பேனாவை மூடி வையுங்கள். முதலில் அதைச் சந்தேகப்படுங்கள்.

“அப்ப பணத்துக்கு?” என்றேன்.

சரளாம்மாதான் பதில் சொன்னார். தமிழில், எனக்குப் புரிய வேண்டும் என்றே. “வீட்டை ஒத்திக்கு விட்டுருவோம். மூணு வருஷத்துக்கு. வண்டியூர்ல எங்கண்ணன் வீட்டு மாடி சும்மாத்தான் கெடக்கு.”

ஒத்தி தெரியுமல்லவா? வாடகை கிடையாது. குடிவருகிறவர் மொத்தமாக ஒரு தொகை கொடுத்துவிட்டு இருப்பார். போகும்போது அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். திருப்பிக் கொடுக்க எதைக் கொண்டு? ஒருநாளும் தொடாத ஈட்டிய விடுப்புப் பணத்தைக் கொண்டு. அவர் பொத்திப் பொத்தி வைத்தது அத்தனையும், அதை மிச்சம் பிடிக்கச் சொன்ன பொய்க்கே போகும்.

“செடியெல்லாம்?” என்றார் சார், மனைவியிடம். தமிழில்தான் கேட்டார்.

“அதுக்குத் தண்ணி ஊத்தறவங்களாப் பாத்து ஒத்திக்கு விடுவோம். மொதல்ல ஒங்களுக்கு ஊத்தறேன்.”

முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். தாமோதரன் சார் பிழைத்தார். மே மாதம் ஓய்வு பெற்றார். பென்ஷன் தடையில்லாமல் வந்தது. தெப்பக்குளத்தைச் சுற்றி முதல் பீரியட் நடை நடக்கிறார். ஒத்திப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தபோது கையில் மிஞ்சியது பேருந்துக் கட்டணம் என்று அவரே சிரித்துச் சொன்னார். சிரித்தாரே தவிர, அதற்குப் பிறகு எந்தத் தாளையும் அவர் என்னிடம் காட்டியதில்லை.

உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது இவ்வளவுதான். மருத்துவக் காப்பீட்டை உடம்பு நன்றாக இருக்கும்போதே, நாற்பதுக்கு முன்னாலேயே எடுங்கள். வருஷத்துக்கு ஒருமுறை உங்கள் பணிப்பதிவேட்டைக் கேட்டு வாங்கி, அடுத்தவர் எழுதியதைப் படிப்பது போல அந்நியக் கண்ணோடு படியுங்கள். விடுப்பு வேண்டுமென்றால் உங்கள் சொந்த விடுப்பை எடுங்கள். காசு போனால் போகட்டும். வராத நோயை வந்ததாக எழுதாதீர்கள். தாள் மறக்காது, நாம்தான் மறப்போம்.

ஆனால் ஆபரேஷன் அன்று காலை, அவர் பிழைப்பார் என்று எனக்குத் தெரியாது. அறைக்கு வெளியே சரளாம்மா பணம் கட்டிய ரசீதோடு நின்றார். சாரைத் தள்ளுவண்டியில் படுக்க வைத்துப் பச்சைத் துணி போர்த்தியிருந்தார்கள். அறுவை செய்யப்போகிற டாக்டர் கதவருகில் வந்து கோப்பைப் புரட்டினார். அவருக்கு முப்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. நெற்றியைச் சுருக்கினார்.

“ஆறு வருஷத்துக்கு முந்தியே ஒரு அட்டாக் வந்திருக்குன்னு இன்ஷூரன்ஸ் லெட்டர்ல இருக்கு. ஆனா எங்க டெஸ்ட்ல பழைய தழும்பு எதுவும் தெரியலயே. அப்ப எந்த டாக்டரப் பாத்தீங்க? என்ன மாத்திரை சாப்பிட்டீங்க? எனக்குத் தெரிஞ்சாகணும்.”

சார் என்னைப் பார்த்தார். நான் டாக்டரின் கையைப் பார்த்தேன். கையில் பேனா இருந்தது. நாம் சொல்வதை அதே கோப்பில் எழுதுவார். அந்தக் கோப்பு எங்கே போகும்? யார் கேட்டால் கொடுப்பார்கள்? ஓய்வுக்கு இன்னும் மூன்று மாதத்துக்கு மேல் இருக்கிறது. வாழைப்பழத்தோடு இன்னொரு வெள்ளைச் சட்டை வராதா? சொல்லாவிட்டால், உள்ளே போனபின் எந்த மருந்தை எதற்காகக் கொடுப்பார்கள்?

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். தள்ளுவண்டிக்காரர் கதவைத் திறந்து பிடித்தார்.

சார் போர்வைக்குள்ளிருந்து கையை எடுத்து என் மணிக்கட்டைப் பிடித்தார்.

“சொல்லிருங்க, புலவரே. இந்த ஒரு ஆளுகிட்டயாவது உள்ளதைச் சொல்லிருவோம். உள்ள போனா இவரு கையில இருக்கப்போறது கத்தி.”